மூணாவது சிலிண்டர்

"டாக்டர் இருக்காங்களா?"

ஓடிவந்த இளைஞனுக்கு, ஒரு காருக்கு அடியிலிருந்து பெண் குரல் பதில் சொன்னது.

"இருக்கேன். நோயாளி எங்கே?"

நோயாளி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. இருபத்திரண்டு வயதான டீசல் ஜீப். நின்ற இடத்திலேயே குலுங்கு குலுங்கு என்று குலுங்கியது. கண்ணாடிகள் கடகடத்தன.

அவள் வெளியே வந்தாள். நீளமான திருப்புளியை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த மெக்கானிக்குக்கு டாக்டர் என்று பெயர் வந்ததே இதனால்தான்.

"உங்க வண்டியா?"

"அக்கா வீட்டுக்காரரோடது. லீவுல வந்து நாலு நாளாச்சு. நாளைக்குக் கிளம்பறேன். அதுக்குள்ள சரி பண்ணிக் குடுத்தா சந்தோஷப்படுவாங்கன்னு சொல்லாம கொள்ளாம எடுத்துட்டு வந்துட்டேன்."

"ஓடும்போது எப்படி?"

"ஒரு குறையும் இல்ல. நின்னாதான் இந்த ஆட்டம். பாவம், தினம் சாயந்தரம் வாசல்ல ஸ்டார்ட் பண்ணி வச்சுட்டு, ரெண்டு பேரும் மூச்சு விடாம உள்ள உக்காந்திருக்காங்க. நான் கிட்ட போனாலே 'உஷ்'னு விரட்டறாங்க!"

"சத்தத்தை வச்சே கண்டுபிடிக்கப் பாக்கறாங்க. விவரமானவங்கதான்" என்றாள் டாக்டர் மரியாதையுடன்.

டீசல் ஃபில்டர் புதிது. குழாயில் எங்கும் காற்றுப் புகவில்லை. அவள் ஸ்பேனரை எடுத்தாள்.

"ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் போற குழாயைக் கொஞ்சம் தளர்த்தப் போறேன். ஒழுங்கா உழைக்கற சிலிண்டர்னா, இன்ஜின் இன்னும் திணறும். சோம்பேறின்னா ஒரு மாத்தமும் தெரியாது."

முதல் குழாயைத் தளர்த்தினாள். இன்ஜின் திணறியது. இரண்டாவது. இன்னும் திணறியது. மூன்றாவது. ம்ஹூம், ஒரு மாற்றமும் இல்லை.

"ஆள் மாட்டிக்கிட்டான்!"

அந்த சிலிண்டரின் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்தாள். டீசலைப் புகைபோலத் தூவ வேண்டிய நாசில், மூக்கொழுகுவதுபோல ஒழுகவிட்டது. புது நாசில் போட்டு மாட்டி ஸ்டார்ட் செய்ததும், ஜீப் தடவிக்கொடுத்த பூனையாக நின்றது. இளைஞன் பானட்டின்மேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துப் பார்த்தான். சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"அக்கா அசந்துடுவா!" என்று விசிலடித்தபடி கிளம்பினான்.

மறுநாள் காலை டாக்டர் ஒர்க்‌ஷாப்பைத் திறக்க வந்தபோது, அதே ஜீப் அங்கே காத்திருந்தது. பக்கத்தில் அவன் அக்காவும் மாமாவும். கண்கள் சிவந்து, தலை கலைந்து, ஏதோ யுத்தத்துக்குப் போய்த் திரும்பியவர்கள்போல் இருந்தார்கள். பின்னால் இளைஞன், வயிறு நிறையத் திட்டு வாங்கிய முகத்தோடு.

டாக்டர் ஜீப்பிடம் ஓடினாள். "என்னாச்சு? மறுபடியும் ஆடுதா?"

"ஆடவே மாட்டேங்குதும்மா!" மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தப் பழைய நாசிலைத் தூக்கிப் போட்டுடலையே? உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதையே திரும்ப மாட்டிடுங்க!"

"நல்லா ஓடற வண்டியை ஏன் சார் கெடுக்கணும்?"

அக்கா ஜீப்பின் பின்கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து வீல் வீலென்று ஒரு கைக்குழந்தையின் அழுகை தெருவையே தூக்கியது.

"பொறந்ததிலேருந்து இவ தூங்கறதே அந்த ஆட்டத்துலதாங்க!"