கொக்கு போட்ட தட்டி

"நல்லா பாத்து சொல்லுங்க பாய். நெட்ல இதே மாதிரி ஒண்ணுக்கு லட்ச ரூபா போட்டிருக்கான்" என்றான் நிர்மல்.

பூந்தமல்லியில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் கலீலுல்லா, நாலு மடிப்புத் தட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கறுப்பு அரக்குப் பூச்சு. அதில் பறக்கும் கொக்குகள். நிர்மலின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் ஏலத்தில் எடுத்தது.

"வித்துத் தொலைடா. பாதி ஊட்ட அடைச்சுகினு கீது" என்றாள் அம்மா நாகம்மா. இந்தப் பாயைக் கூப்பிடச் சொன்னவளும் அவள்தான்.

கனிமொழி அடுப்பு மூலையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாலு மாதம். திருநின்றவூரில் இந்த வாடகை வீட்டுக்கு ஒரே அறை. தட்டிக்கு அந்தப் பக்கம் மாமியாரின் கட்டில், இந்தப் பக்கம் இவர்களின் மெத்தை. அது போய்விட்டால்? புருஷனிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "அத வித்து பைக் வாங்கிடலாம், ஸ்டேஷனுக்கு எத்தனை நாள் நடக்கிறது?" என்றுவிட்டான்.

பாய் டார்ச் அடித்தார். வெளிச்சம் நகர நகர, கொக்கின் இறக்கை ரோஸிலிருந்து பச்சைக்கு மாறியது. பெயர்ந்த ஓரத்தை நகத்தால் தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிளைவுட் தம்பி. மேல பெயின்ட். இறக்கையில பிளாஸ்டிக். ஆயிரம் ரூபா போனா பெருசு."

"ஆயிரமா?"

"ஏத்திட்டுப் போற வண்டி வாடகையே அதுக்கு மேல ஆயிடும்."

"எங்கப்பா ஏமாறாத ஏலமே இல்ல" என்று நிர்மல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

கனிமொழி சுவர்ப்பக்கம் திரும்பி, அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். பாய் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை விழுந்தது.

"இன்னாம்மா, பாயாசமா?" என்று சிரித்தபடியே குடித்து முடித்தார் பாய்.

வழியனுப்ப கேட் வரை வந்தாள் நாகம்மா. பாய் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து போன்ல கேட்டுக்கிட்டீங்களேன்னு பொய் சொன்னேன்க்கா. அது அசல் அரக்கு வேலை, இறக்கை முழுக்க சிப்பி. ரெண்டு லட்சம்னா நானே எடுத்துக்குவேன்."

"சின்னஞ்சிறுசுங்களுக்குத் தனி ரூம் அமையற வரைக்கும் அது பிளைவுட்டாவே இருக்கட்டும் பாய்" என்று கேட்டைச் சாத்தினாள் நாகம்மா. "வித்தா என் புள்ள பைக் வாங்குவான். கதவா வாங்குவான்?"