எத்தனை பிள்ளைகள்?

தங்கராசு வீசிய வேகத்தில் பாஸ்போர்ட் மேசைமேல் வழுக்கிக்கொண்டு வந்து என் மடியில் விழுந்தது.

ஒன்றே ஒன்று. அவர் மனைவி அம்சவள்ளியின் பாஸ்போர்ட் அதனுடன் வரவில்லை.

அமெரிக்க விசாவில் இது தலைகீழ்க் கணக்கு. கிடைக்காதவருக்குத்தான் பாஸ்போர்ட்டைக் கையோடு திருப்பிக் கொடுப்பார்கள். கிடைத்தவருடையதை விசா ஒட்டுவதற்கு வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

"எனக்கு இல்லியாம், இவளுக்கு உண்டாம்! என்னய்யா நாயம் இது?"

பெரம்பலூர் சின்ன வெங்காய மண்டியில் ஏலம் கூவிப் பழகிய தொண்டை. மாடியில் இருக்கும் என் டிராவல்ஸ் ஆபீசை, கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள்.

கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் பட்டது. மண்டி அவர் பேரில். எறையூர்க் கரும்புக்காடு அவர் பேரில். துறைமங்கலத்து மாடி வீடு அவர் பேரில். அம்சவள்ளி அக்காவுக்கென்று இருந்தது கழுத்திலும் காதிலும் கிடந்ததுதான். அதுவும் யாருடையது என்று கேட்டால் அவர்தான் பதில் சொல்வார்.

மகன் தமிழழகன் டெக்சாசில். மருமகளுக்கு இது ரெண்டாவது பிரசவம். முதல் பிரசவத்துக்குப் போய் ஆறு மாதம் கஞ்சி வைத்துக் கொடுத்த சம்பந்தியம்மா, இந்தத் தடவை முட்டிவலி என்று கழன்றுகொண்டார். ஆகவே இவர்கள் இருவரும் ஆறு மாதத்துக்கு. டூரிஸ்ட் விசா.

எங்கள் தொழிலில் அமெரிக்காக்காரனிடம் விற்க வேண்டிய சரக்கு ஒன்றுதான்: 'நான் திரும்பி வந்துவிடுவேன்.' அதை விற்கத்தான் நிலப்பத்திரம், வரி ரசீது, மண்டி வாசலில் நின்று எடுத்த போட்டோ. ஒரு வாரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கினேன்.

"நீ சொல்லிக் குடுத்ததத்தான் அங்க வாந்தி எடுத்தேன். வெக்கமா இல்ல ஒனக்கு?"

என் அப்பா மாட்டுத் தரகர். கிழட்டு மாட்டின் கொம்பைச் சீவி இளசென்று விற்றுவிட்டு, வாங்கியவன் வந்து திட்டினால் சிரித்துக்கொண்டே கேட்பார். நல்ல மாட்டைக் கொடுத்துத் திட்டு வாங்கினால் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். எனக்கும் அதே ரத்தம்.

"என்ன கேட்டாங்கன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்கண்ணே. அப்புறம் திட்டுங்க."

தூதரகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பெண்ணாம். கூடவே மொழிபெயர்க்க ஒரு ஆள். என்ன தொழில், மகன் எங்கே, எத்தனை மாதம் தங்குவீர்கள். எல்லாம் நான் பழக்கிய மாதிரியே போயிருக்கிறது.

"பெறவு எத்தன புள்ளைங்கன்னு கேட்டா. ஒரே பையன்னேன்."

"சரிதானே?"

தங்கராசு தெருப் பக்கம் பார்த்தார்.

"அதையேதான் எங்கிட்டயும் கேட்டா தம்பி," என்றார் அம்சவள்ளி அக்கா. "நான் ரெண்டுன்னேன்."

நான் கேள்வி கேட்டுப் பழக்கிய நாட்களில் இந்தக் கேள்விக்கு அக்கா வாயே திறந்ததில்லை. கணவர் முந்திக்கொள்வார். எனக்குத் தெரிந்த கணக்கும் ஒன்றுதான்.

"பொண்ணு ஒருத்தி இருக்கா. இலக்கியா. அரியலூர்ல."

"இருக்கான்னு சொல்லாத!" மேசை அதிர்ந்தது. "எவனோ ஒருத்தனக் கட்டிக்கிட்டுப் போனா. கொள்ளிடத்துல எறங்கித் தலமுழுகி மூணு வருசம் ஆச்சு. செத்தவளப் போயி எவளாச்சும் கணக்குல சேப்பாளா?"

"முழுகுனது நீங்க," என்றார் அக்கா. "நான் கரையிலதான நின்னேன்."

அப்புறம் கடைசிக் கேள்வி. ஏன் திரும்பி வருவீர்கள்?

இவர் பத்திரக் கட்டைப் பிரித்திருக்கிறார். அந்தப் பெண் தொடவே இல்லையாம். அக்காவிடம் கேட்டதற்கு, "எம்மவ இங்க இருக்கா" என்றாராம். அவ்வளவுதான். இவர் பாஸ்போர்ட் வெளியே வந்தது. அக்காவுடையது உள்ளே போனது.

எனக்கு இப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. ஊர் முழுக்கப் பத்திரம் தேடி அலைந்தேன். இருந்த ஒரே நல்ல சரக்கைக் கொள்ளிடத்தில் விட்டுவிட்டு வந்து, இந்த மனிதர் என்னிடம் நியாயம் கேட்கிறார்.

"ரெண்டு பேருக்கும் மறுபடி போடு," என்றார் தங்கராசு. "இவ ஒண்ணும் தனியாப் போவ வேணாம். இந்தத் தடவ ஒண்ணுன்னு சொல்லுவா."

"அவருக்கு வேணும்னா போடுங்க. எனக்குத்தான் கெடச்சிருச்சே," என்றார் அக்கா. "டிக்கெட் மட்டும் போடுங்க தம்பி. இப்ப வேணாம், தை பொறக்கட்டும்."

"மருமகளுக்கு ஐப்பசின்னு சொன்னீங்களேக்கா?"

"அவளுக்கு அவ ஆத்தா போவட்டும். பெத்தவளுக்கு முட்டிவலி எத்தன நாளைக்கி நிக்கும்?" அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எம்மவளுக்கும் ஐப்பசிதான். தலப்பிரசவம்."

தங்கராசு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் வந்தது. மண்டியில் கேட்கும் குரல் இல்லை.

"எந்த ஆஸ்பத்திரியில காட்டுறா?"

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

"தேதியப் பாருங்க தம்பி," என்றார் என்னிடம்.