ஆணி படாத உத்தரம்

“நாளைக்குக் கொழுந்தனார் உள்ளே காலெடுத்து வைக்கும்போது இந்தத் தூண் அவர் கண்ணுலயே படக் கூடாது, அண்ணே.”

மூத்த மருமகள் கைகாட்டிய பக்கம் தச்சர் நிமிர்ந்து பார்த்தார். கூடத்தின் நட்டநடுவில் சொரசொரப்பாக ஒரு சிமெண்ட் தூண், கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி நின்றிருந்தது. அதன் தலையில் இரண்டு பக்கச் சுவர்வரைக்கும் ஒரு கனத்த உத்தரம் ஓடியது.

“தூணைச் சுத்திப் பிளைவுட் அடிச்சுப் புத்தகத் தட்டு வெச்சிடலாம்மா. பீமை மறைக்கத்தான் அதுல நாலு ஸ்க்ரூ இறக்கணும்.”

“பீம்ல ஒரு ஆணிகூடப் படக் கூடாது!”

அவள் போட்ட சத்தத்தில் தச்சரின் கையிலிருந்த டேப் சர்ரென்று சுருண்டுகொண்டது. உடனே அவள் குரலைத் தாழ்த்தினாள். “மாமனார் முன்ன நின்னு பார்த்துப் பார்த்துப் போட்டது. அதுல துளை போட்டா எங்க வீட்டுக்காரருக்கு மனசு தாங்காது.”

“சரி, சுவத்துக்குச் சுவர் சட்டம் கட்டிப் பலகையைத் தனியா நிறுத்திடறேன்.” தச்சர் ஏணியில் ஏறித் தடவிப் பார்த்தார். கூடம் முழுக்கப் பெயிண்ட் உரிந்து கிடந்தது. உத்தரத்தில் மட்டும் ஈரம் காயாத பட்டிப் பூச்சு. “மூடப் போற இடத்துக்கு எதுக்கும்மா பட்டி பார்த்திருக்கீங்க?”

“அவர் வேலை. எதையும் அரைகுறையா விட்டா அவருக்குத் தூக்கம் வராது.”

பாகம் பிரிப்பதில் அந்தக் குடும்பத்துக்கு ஒரே சட்டம்தான். அண்ணன் பிரிக்க வேண்டும், தம்பி தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணன் ஓரவஞ்சனை செய்துவிடக் கூடாதென்று மாமனார் சாகும்போது சொல்லிவிட்டுப் போனது.

போன மாதம் ஒரு இன்ஜினியர் வந்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டுப் போனார். மறுநாளே அண்ணன், நடுவிலிருந்த ஒன்றரை அடிச் சுவரை எல்லையாக வைத்து வீட்டை இரண்டாக்கிவிட்டார். முன்பாதி தெருவைப் பார்த்தது, வெளிச்சமானது. இந்தத் தூண் ஒன்றுதான் குறை. பின்பாதியில் பகலிலேயே விளக்குப் போட வேண்டும்.

தச்சருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “முன்பக்கத்தை இப்படிச் சோடிச்சு வெச்சா அவர் இதைத்தானேம்மா எடுப்பாரு? மூத்தவங்க நீங்க இருட்டுல கிடக்கணுமே?”

“கிடந்துட்டுப் போறோம். அவங்களுக்குத் தலைச்சன் பிள்ளை வரப் போகுது. வாடகைக்கு ஒத்தை ரூம்ல எத்தனை நாள் அல்லாடுவாங்க?”

தச்சருக்குக் கண் கலங்கியது. அவருக்கும் ஒரு அண்ணி உண்டு. பாகம் பிரித்த அன்று ஒரு அம்மிக்கல்லுக்காக வாசற்படியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்த புண்ணியவதி. இப்படியும் ஒருத்தி இருக்கிறாளே என்று, தன் சொந்த வீட்டு வேலை போல இழைத்து இழைத்துச் செய்தார்.

மறுநாள் தம்பியும், ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவியும் வந்தார்கள். சின்ன வயதில் முட்டிக்கொண்டு நெற்றியைக் கிழித்துக்கொண்ட தூணைத் தம்பி தேடினான். அது நின்ற இடத்தில் தேக்கு நிறத்தில் ஒரு அலமாரி, தட்டுகளில் பொம்மைகள். உத்தரம் இருந்த இடத்தில் வழவழவென்று பலகை, அதற்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம்.

கடைசி விளக்கை மாட்டிக்கொண்டிருந்த தச்சர், அண்ணி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

“அண்ணி, நாங்க பின்பக்கத்தையே எடுத்துக்கறோம்.” தம்பியின் குரல் தழுதழுத்தது. “உங்களை இருட்டுல தள்ளிட்டு இங்க உட்கார்ந்தா எங்களுக்குச் சோறு இறங்குமா?”

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் ஓடிப்போய்ச் சின்னவளின் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “என்னைக் கூடப் பிறந்தவளா நினைச்சா நீ இதைத்தான் எடுத்துக்கணும். இல்லேன்னா நான் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்மா!”

அழுகை நிஜமாகவே வந்தது. நடித்து வரவழைக்கக் கூடிய அழுகை அல்ல அது.

“அழாதீங்கக்கா, எடுத்துக்கறோம்,” என்று சின்னவளும் சேர்ந்து அழுதாள். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்பாதி தனக்கு என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

“கட்டிலை இந்த அலமாரியை ஒட்டியே போட்டுடலாங்க,” என்றாள் சின்னவள், வயிற்றைத் தடவியபடி. “நேர் மேலே விளக்கு இருக்கு. பக்கத்துலயே தொட்டில்.”

“போடு கண்ணு, போடு,” என்றாள் அண்ணி.

சாமான்களைக் கொண்டுவர அவர்கள் கிளம்பிப் போனார்கள். தச்சரும் போனபின், பந்தைத் துரத்திக்கொண்டு கூடத்துக்குள் ஓடப் பார்த்த தன் மகளை அவள் எட்டிப் பிடித்துப் பின்பக்கம் இழுத்தாள். “இனிமே அந்தப் பக்கம் போனா காலை ஒடிச்சிடுவேன்!”

அண்ணன் நடுக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை இறக்கிக் கேட்டாள்.

“இன்ஜினியர் எத்தனை மாசம் தாங்கும்னு சொன்னாரு?”