தானாக வந்தவள்

ஏலகிரியில் குணவதி நடத்திவந்த விடுதிக்கு மூன்று வருடங்களாக அரசு அனுப்பிய விருந்தாளிகள் மட்டுமே வந்தார்கள். பெருந்தொற்றில் நொடித்துப்போன விடுதிகள் பிழைக்க, ஒவ்வொரு குடிமகனும் வருடத்தில் நான்கு நாள் அரசு சொல்லும் ஊரில் தங்கியாக வேண்டும் என்பது சட்டம். வந்தவர்கள் கைரேகை வைத்துவிட்டு, போட்டதைச் சாப்பிட்டு, அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் விடிந்ததும், முதல் பஸ்ஸிலேயே மலையிறங்கிப் போனார்கள்.

ஒரு மதியம் கடலூரிலிருந்து ஒரு பெண் தோளில் பையோடு வந்தாள்.

"அரசாங்க ஆணை எங்கம்மா?" என்றாள் குணவதி.

"அதெல்லாம் இல்லக்கா. நானாத்தான் வந்தேன்."

சமையலறையிலிருந்த கணவர் தணிகாசலம் குணவதியை உள்ளே அழைத்தார்.

"அவ பேரப் பதியாத. தானா ஒரு ஆள் வந்துட்டா, நாம தேறிட்டோம்னு அரசாங்கத்துல முடிவு கட்டிடுவாங்க. அப்புறம் யாரையும் அனுப்ப மாட்டாங்க. சொந்தக்காரப் பொண்ணுன்னு சொல்லிடலாம்."

குணவதிக்கும் பயமாகத்தான் இருந்தது. தயங்கியபடி வெளியே வந்தாள். அந்தப் பெண் ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"அக்கா, இங்க பாக்க என்னென்ன இருக்கு?"

மூன்று வருடங்களில் யாரும் குணவதியிடம் அதைக் கேட்டதில்லை. அவள் ஏரியைச் சொன்னாள், சுவாமிமலை உச்சியைச் சொன்னாள், காலையில் பள்ளத்தாக்கை மூடும் பனியைச் சொன்னாள். பிறகு பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதினாள்.

மறுநாளே அரசு விருந்தாளிகள் நின்றுபோனார்கள். தணிகாசலம் இரண்டு நாள் மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, அந்தப் பெண்ணின் அறை வாசலில் போய் நின்றார்.

"மத்தியானத்துக்கு உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.