கவுன்சிலரின் அசல் நிறம்

இனி மனிதகுலம் நிறத்தில் பொய் சொல்லாது என்று உலக நாடுகள் கூடிக் கையெழுத்திட்டன. அந்த மகத்தான சத்தியம் ஒன்பதாம் வார்டில் பூரணியின் பேனர் கடைக்கும் வந்து சேர்ந்தது.

கவுன்சிலர் தவசியின் படத்தை வழக்கம்போல் ரோஜா நிறமாக்கி, அச்சுக்கு அனுப்ப எக்ஸ்போர்ட் கொடுத்தாள். கணினி மறுத்துவிட்டது. ஆளின் அசல் நிறத்தில் இல்லாத படம் இனி வெளியே போகாதாம். மறுநாள் அவருக்குப் பிறந்தநாள். வேறு வழியில்லாமல் உள்ள நிறத்திலேயே அனுப்பி, முச்சந்தியில் பேனரைக் கட்டினாள்.

காலையில் பேனரடியில் நின்று கவுன்சிலர் கொதித்தார். "ஏம்மா, என்னைய கரிச்சட்டியில முக்கி எடுத்தியா? இன்னையோட கடைய மூடிரு!"

"அண்ணே, உங்கள மாதிரியே இருந்தாத்தான்ணே மெஷின் விடுது."

காலிக் குடத்தோடு போன ஓர் அம்மாள் பேனரையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "அட, நீங்கதானா கவுன்சிலரு? அந்தச் செவத்த படத்த வச்சு மூணு வருசமா தேடுறேன் சாமி! பிள்ளையார் கோயில் தெருவுல தண்ணியே வரல."

தெருவில் தன்னை ஒருவர் அடையாளம் கண்டதில் கவுன்சிலருக்குக் கோபம் மறந்தது. அங்கேயே நின்று குழாய் ஆட்களுக்குப் போன் போட்டார். கடையை மூடும் பேச்சு அதோடு போயிற்று. சாயங்காலம் தண்ணீரும் வந்தது.

கவுன்சிலர் குடியிருப்பதும் பிள்ளையார் கோயில் தெருவில்தான்.