எழுபத்தோராவது வாழ்த்து

கைப்பேசியில் இதுவரை எழுபது பேர் ஆஷாவை வாழ்த்தியிருந்தார்கள். எழுபதும் இங்கிலீஷில்.

திருவான்மியூர் மார்க்கெட்டில், அம்மா லூர்துமேரியின் மீன்கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். லூர்துமேரி சங்கரா மீனுக்குச் செதிள் எடுத்தபடியே காதுகொடுத்துக் கேட்டாள்.

தரமணியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்று நேற்று மத்தியானம் ஆஷா ஃபேஸ்புக்கில் போட்டிருந்தாள்.

கூடப் படித்த வைதேகி 'கங்கிராஜுலேஷன்ஸ் டியர், சோ ப்ரௌட் ஆஃப் யூ' என்று எழுதி ஆறு பூங்கொத்து வைத்திருந்தாள். கல்லூரி சார் கோதண்டபாணி, 'மெனி மோர் டு கம்'. நந்தகுமாருக்கு எப்போதும் அவசரம். உயிரெழுத்தே இல்லாமல் நாலு எழுத்தைத் தட்டிவிட்டிருந்தான். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு சண்டைக்கு வரும் எதிர்வீட்டு முனியம்மாள் அக்காகூட 'ஹார்ட்டி விஷஸ் சிஸ்டர்' என்றிருந்தாள்.

ஆஷா எல்லோருக்கும் 'தேங்க்யூ சோ மச்' போட்டாள். போடும்போதெல்லாம் காது சுட்டது.

ஒவ்வொரு பேருக்கும் லூர்துமேரி தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பேர்.

மகன் பிரிட்டோ அப்பாவோடு சண்டை போட்டு வீட்டைவிட்டுப் போய் ஏழு மாதம். நம்பரை மாற்றிவிட்டான். கேரளாவில் யாருடைய போட்டிலோ தொழிலுக்குப் போகிறான் என்று கேள்வி. போன வாரம் அந்தப் பக்கம் ஒரு போட் கவிழ்ந்தது என்றும் கேள்வி. ஆஷா ஃபேஸ்புக்கில் அனுப்பிய செய்தி எதற்கும் அவனிடமிருந்து பதில் இல்லை.

தங்கச்சி படிக்கட்டும் என்று எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுக் கடலுக்குப் போனவன் அவன்.

"இன்னும் யாருடி கீறாங்க?"

புதிதாக ஒன்று வந்து விழுந்தது. ஆஷா அதை வாசிக்கவில்லை. கைப்பேசியை அப்படியே அம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். லூர்துமேரிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பேருக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் படம் தெரிந்தது.

'கங்ராஜ்லேசன் பாப்பா.' எழுத்துக்கு எழுத்து தப்பு. ஒரு நிமிடத்துக்கு முன்னால் எழுதியது.

"உசுரோட கீறான்டி!"

செதிள் ஒட்டிய கையோடு மகளின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு லூர்துமேரி அழுதாள். மீனுக்காக நின்றிருந்த ஒரு அம்மாள் பயந்துபோய் என்ன ஆச்சு என்று கேட்டாள். லூர்துமேரி அவள் பையில் மேலும் இரண்டு சங்கராவை அள்ளிப் போட்டாள்.

உடனே கூப்பிடு அண்ணா, என்று ஆஷா எழுதினாள்.

மணி அடித்தது. தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் போட் இன்ஜின் சத்தம்.

"பாப்பா! இன்னா கம்பெனி? பேரைச் சொல்லு, இங்க அல்லார்கிட்டயும் சொல்லணும்."

வாழ்த்திய எழுபது பேரில் ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை.

ஆஷா அம்மாவைப் பார்த்தாள். லூர்துமேரி கண்ணைத் துடைத்த முந்தானையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவனை எப்படியாவது பேசவைக்க நேற்று இருவரும் உட்கார்ந்து அந்த வேலைப் பொய்யை யோசித்தபோது, கம்பெனிக்கு ஒரு பேர் வைக்க மறந்துவிட்டார்கள்.