ஒரே குழாயில் நாலு காது

கடலோர வயர்லெஸ் நிலையத்தின் கம்பத்தில் நாலு ஆன்டெனாக்களையும் ஒரே குழாயில் சாண் இடைவெளியில் பூட்டியவன் நிலைய ஊழியன் தணிகைவேல்தான். ஆளுயரம் தள்ளித் தள்ளி வைக்கச் சொன்னது வரைபடம். அதற்கான நீளக் குழாய் வர மூன்று வாரமாகும் என்றார்கள், அவனுக்குப் பொறுமையில்லை. ஒட்டி நிற்கும் ஆன்டெனாக்கள் ஒன்றாகவே கேட்கும், ஒன்றாகவே செவிடாகும். புயலில் கொந்தளித்த கடலிலிருந்து மீனவன் சூசை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டபோது நாலும் ஒருசேரச் செவிடாயின. படகு திரும்பவில்லை.

விசாரணைக்கு வந்த சூசையின் மனைவி பிலோமினா கேட்டாள். "நாலு வச்சிருந்தீங்களே, ஒண்ணுக்குக் கூடவா கேக்கல?"

விசாரணை அதிகாரி, நிலைய ஊழியர்கள் நால்வரின் வாக்குமூலங்களையும் வாசித்தார். நாலிலும் ஒரே வாக்கியம்: புயலால் கருவி பழுது. நாலிலும் 'பளுது' என்றே எழுதியிருந்தது. அந்தப் பிழை தணிகைவேலுடையது. மற்ற மூவரும் அவனுடையதைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.

"நாலு பேரும் ஒண்ணையேதானம்மா சொல்றாங்க" என்று அதிகாரி கோப்பை மூடப் போனார்.

ஒரே பெஞ்சில் தோள் உரச உட்கார்ந்திருந்த நால்வரையும் பிலோமினா வெகுநேரம் பார்த்தாள்.

"இவங்கள தள்ளித் தள்ளி உக்கார வச்சுக் கேளுங்க சார்."